வீடு கட்டுவோர் கேள்வி – பதில்: யூனிட்டா, டன்னா?

எம்-சாண்டை (கல்லை உடைத்துச் செய்யும் மணலை) ஒருவர் யூனிட் கணக்கில் தருகிறார், இன்னொருவர் டன் கணக்கில் தருகிறார். எது மலிவு என்று எப்படிப் பார்ப்பது?
– வாசகி, திண்டுக்கல்

யூனிட் என்பது 100 கனஅடி, அதாவது 2.83 கனமீட்டர். ஒரு யூனிட் எத்தனை டன் என்பது மணலின் அடர்த்தியைப் பொறுத்தது. அந்த அடர்த்தியை யாரிடமும் கேட்க வேண்டாம். உங்கள் மணலிலேயே பார்த்துவிடலாம்.

காலி பெயின்ட் வாளி ஒன்றை எடுத்து, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி எடை போடுங்கள். வாளியின் எடையைக் கழித்தால் மிச்சம் தண்ணீர். அது எத்தனை கிலோவோ, வாளி அத்தனை லிட்டர். அப்புறம் வாளியைத் துடைத்துவிட்டு, காய்ந்த மணலைக் குத்தி அமுக்காமல் நிரப்பி, மேலே வழித்துவிட்டு எடை பாருங்கள். 20 லிட்டர் வாளியில் 35 கிலோ மணல் பிடித்தால் லிட்டருக்கு 1.75 கிலோ. லிட்டருக்கு எத்தனை கிலோவோ, கனமீட்டருக்கு அத்தனை டன். எனவே ஒரு யூனிட் 1.75 × 2.83, ஏறக்குறைய 5 டன். யூனிட் விலையை 5 ஆல் வகுத்தால் டன் விலை வந்துவிடும்.

ஆனால் இது காய்ந்த மணலின் கணக்கு. லேசாக ஈரமான மணலில் ஒவ்வொரு துகளையும் சுற்றித் தண்ணீர்ப் படலம் இருக்கும். துகள்கள் ஒன்றையொன்று தள்ளி நிற்பதால் மணல் உப்பிவிடும். ஈரம் 5 சதவீதமே இருந்தாலும் கன அளவு கால் பங்கு வரை கூடலாம். அப்படிக் கூடிய லோடில், நீங்கள் காசு கொடுத்த 100 கனஅடியில் 80 கனஅடிதான் மணல். அதே மணலை எடை போட்டு வாங்கினால் நஷ்டம் அந்த 5 சதவீதத் தண்ணீரோடு நின்றுவிடும். ஆகவே கையில் பிடித்தால் உருண்டை நிற்கிற ஈரமா, டன் கணக்கே நல்லது. கழுவிய கையோடு சொட்டச் சொட்ட வருகிறதா, அதை எடை போட்டு வாங்காதீர்கள்; தண்ணீர் முழுக்க ஊறிய மணல் உப்பாது, ஆனால் எடை ஏறும். அதற்கு யூனிட்தான் சரி. டிப்பரின் நீளம், அகலம், மணல் நிற்கிற உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி 100 ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். மணலைக் கீழே கொட்டும் முன்பே அளந்துவிட வேண்டும்.

மழைக்காலத்தில் கலவைக்கு மணலைக் கூட்டிப் போடச் சொல்கிறார் கொத்தனார். சரியா?
– வாசகர், தஞ்சாவூர்

சரிதான், அனுபவசாலி. 50 கிலோ சிமென்ட் மூட்டை சுமார் 35 லிட்டர். 1:6 கலவைக்கு அதே அளவுப் பெட்டியில் 6 பெட்டி மணல். மணல் கால் பங்கு உப்பியிருந்தால் ஏழரைப் பெட்டி போட்டால்தான் 6 பெட்டி மணல் சேரும். எவ்வளவு உப்பியிருக்கிறது என்பதை வாளியிலேயே பாருங்கள். ஈர மணலை 20 செ.மீ. உயரத்துக்குப் போட்டு, அது மூழ்கும் வரை தண்ணீர் விட்டுக் கம்பியால் நன்றாகக் கிளறுங்கள். மணல் 16 செ.மீ.க்கு இறங்கினால் கால் பங்கு உப்பல்.

கம்பி எடையைக் கடைக்காரர் கால்குலேட்டரில் 162 ஆல் வகுத்துச் சொல்கிறார். அந்த 162 என்ன கணக்கு?
– வாசகர், ஓசூர்

கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதே எண்ணால் பெருக்கி 162 ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். எஃகு கனமீட்டருக்கு 7850 கிலோ. வட்டத்தின் பரப்பையும் மில்லிமீட்டர் – மீட்டர் மாற்றத்தையும் சேர்த்துச் சுருக்கினால் 162 வருகிறது. 12 மி.மீ. கம்பிக்கு 144 ÷ 162, அதாவது 0.89 கிலோ. 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று 10.67 கிலோ.

இது கணக்கில் வரும் எடை. கட்டாயம் தராசிலும் வைத்துப் பாருங்கள். இந்த அளவுக் கம்பிக்கு ஐ.எஸ். 1786 என்ற இந்தியத் தரவிதி 5 சதவீதம் கூடக்குறைய அனுமதிக்கிறது. பத்துக் கம்பி சேர்ந்து 101 கிலோவுக்கும் கீழே நின்றால் அந்தக் கட்டைத் திருப்பி அனுப்புங்கள்.