புரோநோட்டை வாங்கினால் வீடும் சேர்ந்து வருமா?

கேள்வி: நான் திருச்சியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். என் நண்பர் 2024 பிப்ரவரியில் தம் வீட்டை 48 லட்சத்துக்கு விற்றார். வாங்கியவர் 33 லட்சத்தை வங்கி வழியாகக் கொடுத்தார். மீதி 15 லட்சத்துக்கு, நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டியில் புரோநோட்டு எழுதிக் கொடுத்தார். நண்பருக்கு இப்போது மருத்துவச் செலவு நெருக்குகிறது. அசல் 15 லட்சமும் அப்படியே நிற்கிறது, நோட்டை 12 லட்சத்துக்கு எனக்கு மாற்றித் தருகிறேன் என்கிறார். டெக்சஸில் இருக்கும் என் மகன், அங்கே பலர் இதை ஒரு முதலீடாகவே செய்கிறார்கள் என்று ஊக்கப்படுத்துகிறான். 50,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன். வீட்டை வாங்கியவர் பணம் கட்டத் தவறினால் வீடு எனக்கு வருமா? என்னோடு காலையில் நடக்க வரும் நான்கு நண்பர்களும் தங்கள் பணத்தைப் போட்டு இதுபோல் இன்னும் சில நோட்டுகளை வாங்கித் தரச் சொல்கிறார்கள். செய்யலாமா? புரோநோட்டு, கிரயப் பத்திரம் இரண்டின் நகலையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: ஐயா, நகல்களை இணைத்து அனுப்பியது நல்லதாயிற்று. கடிதத்தை மட்டும் படித்திருந்தால் வேறு பதில் எழுதியிருப்பேன்.

முதலில் புரோநோட்டு. "என் குடும்பச் செலவுக்காகத் தங்களிடம் கைமாற்றாகப் பெற்றுக்கொண்ட ரூபாய் பதினைந்து லட்சம்" என்று தொடங்குகிறது. "தாங்கள் வேண்டும்போது தங்களுக்காவது தங்கள் உத்தரவு பெற்றவருக்காவது" என்று முடிகிறது. இடையில் வீடு என்ற சொல்லே இல்லை. அடுத்து கிரயப் பத்திரம். "கிரயத் தொகை ரூபாய் நாற்பத்தெட்டு லட்சமும் முழுமையாக வரப்பெற்றேன்" என்று உங்கள் நண்பரே அதில் கையெழுத்திட்டிருக்கிறார். பத்திர எழுத்தர் பழைய மாதிரியைப் பார்த்து எழுதியிருப்பார்; படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதும் நம் ஊர் வழக்கம்தான். ஆனால் இந்த இரண்டு தாள்களையும் சேர்த்துப் படிக்கும் ஒருவருக்கு, வீட்டுக்கும் இந்தக் கடனுக்கும் எந்தத் தொடர்பும் தெரியாது. உங்களுக்கு 12 லட்சத்துக்கு விற்கப்படுவது வீட்டின் மீதான கடன் அன்று, வெறும் கைமாற்றுக் கடன்.

பாக்கி வராவிட்டால் கிரயத்தை ரத்து செய்துகொள்ளலாம் என்று நண்பர் சொல்லக்கூடும். முடியாது. சொத்து மாற்றுச் சட்டம் 54-ஆம் பிரிவின்படி, விலையில் ஒரு பகுதியைக் கொடுத்து மறு பகுதியைத் தருவதாக ஒப்புக்கொண்டாலும் அது விற்பனைதான். பத்திரம் பதிவானதும் சொத்துரிமை கைமாறிவிடும். 2020-ல் தஹிபென் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே உறுதியாகச் சொன்னது. அங்கே விலை 1.74 கோடி, கைக்கு வந்தது 40,000 ரூபாய்தான் என்பது விற்றவர் தரப்பு வாதம். அப்படியே இருந்தாலும் பாக்கிக்காக வழக்குப் போடலாமே தவிரப் பதிவான கிரயத்தை ரத்து செய்ய அது காரணமாகாது என்று சொல்லி, காலங்கடந்து வந்த அந்த வழக்கைத் தொடக்கத்திலேயே நிராகரித்தார்கள்.

நண்பருக்கு ஒரு பிடி இருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். அதே சட்டத்தின் 55(4)(ஆ) பிரிவு, விலை பாக்கிக்காக விற்ற சொத்தின் மீதே விற்றவருக்கு ஒரு பொறுப்புரிமை, அதாவது அந்தச் சொத்திலிருந்தே பாக்கியை வசூலிக்கும் உரிமை, தருகிறது. ஆனால் வீட்டை வாங்கியவர் அதை நாளைக்கே வேறொருவருக்கு விற்றால், பாக்கி விஷயம் தெரியாமல் விலை கொடுத்து வாங்குகிற அந்த மூன்றாமவரை அது கட்டாது. "முழுமையாக வரப்பெற்றேன்" என்று பதிவுப் பத்திரமே சொல்லும்போது அவருக்குத் தெரியவேண்டிய அவசியம் என்ன? தவிர, புரோநோட்டின் பின்னால் எழுதி மேடோவர் (உங்கள் பெயருக்கு மாற்றம்) செய்துவிட்டால் இந்த உரிமையும் கூடவே உங்களுக்கு வந்துவிட்டதாக எண்ணவேண்டாம்.

உங்கள் மகன் சொல்வது பொய்யில்லை, ஊர்தான் வேறு. அமெரிக்காவில் வீட்டை விற்றவரே கடன் கொடுத்தவராகி, நோட்டும் அதற்கு ஈடான ஆவணமும் எழுதி வாங்கி, பிறகு அந்த நோட்டைத் தள்ளுபடி விலைக்கு விற்பது பழைய பழக்கம். நோட்டு எங்கே போகிறதோ அடமானமும் அதன் பின்னாலேயே போகும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1872-லேயே சொல்லிவிட்டது. டெக்சஸில் தவணை தவறினால், ஈட்டு ஆவணத்தில் கொடுத்திருக்கும் அதிகாரத்தை வைத்து, குறைந்தது 21 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து, மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமையன்று வீட்டை ஏலம் விடலாம். வழக்குப் போடவே தேவையில்லை. இங்கே அடமானக் கடன் நோட்டின் பின்னாலேயே நடந்து வராது. அதைத் தனியாகப் பதிவு செய்த ஆவணத்தின் மூலம்தான் மாற்றவேண்டும். வங்கிகள் நீதிமன்றத்துக்குப் போகாமல் வீட்டைக் கைப்பற்ற உதவும் 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டமும் உங்களையும் என்னையும் போன்ற தனி மனிதர்களுக்கு இல்லை.

இனி, நகலின் பின்பக்கம். வட்டி வரவு என்று இரண்டு பதிவுகள் இருக்கின்றன. இரண்டும் நண்பரின் கையெழுத்தில் இருக்கின்றன. பணம் கட்டியவரின் கையொப்பம் இல்லை. கேட்கும்போது தரவேண்டிய புரோநோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து மூன்று ஆண்டுகள்தான் ஆயுள். இடையில் வட்டியோ அசலில் ஒரு பகுதியோ கட்டினால் அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டுகள் கிடைக்கும். ஆனால் கட்டியவரே தம் கைப்பட எழுதியிருக்கவேண்டும் அல்லது கையொப்பமிட்டிருக்கவேண்டும். பணத்தைப் பெற்றுக்கொண்டவர் எழுதிக்கொண்ட வரவு கணக்கில் வராது. இப்படியே விட்டால் 2027 பிப்ரவரியோடு இந்த நோட்டு வெற்றுத்தாள். நண்பர் மூன்று லட்சம் தள்ளித் தருவதன் காரணம் மருத்துவச் செலவு மட்டுந்தானா என்று கேட்கத் தோன்றுகிறது. அவர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

சரி, விட்டுவிடலாமா? வேண்டாம். வீட்டை வாங்கியவர் ஒத்துழைத்தால் நல்ல கடனாகவே மாற்றலாம். அவரைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்து வந்து, 15 லட்சம் இந்த வீட்டின் விலையில் தரவேண்டிய பாக்கி என்று ஒப்புக்கொண்டு, உங்கள் நண்பருக்கு அடமானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து தரச் சொல்லுங்கள். இரண்டு சாட்சிகளின் கையொப்பம் கட்டாயம். வீடு மனைவி பெயரிலும் இருந்தால் அவரும் கையெழுத்திடவேண்டும். மாதத் தவணை எவ்வளவு, எத்தனை தவணை தவறினால் மொத்தமும் உடனே தரவேண்டும் என்பதெல்லாம் அந்தப் பத்திரத்தில் வரட்டும். தவணைகளைப் புரோநோட்டிலேயே எழுதி ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டுகிறவர்கள் உண்டு. கேட்டவுடன் தரவேண்டியதாக இல்லாத நோட்டுக்குத் தொகைக்கேற்ற முத்திரைத் தீர்வை வேண்டும். குறைவான முத்திரையில் எழுதிய புரோநோட்டை, பிறகு அபராதம் கட்டியும் சாட்சியமாக ஏற்கச் செய்யமுடியாது.

அடமானம் பதிவான அதே நாளில் நண்பர் அந்த அடமானக் கடனை 12 லட்சத்துக்கு உங்களுக்கு உரிமை மாற்றிப் பதிவு செய்து கொடுக்கட்டும். வீட்டுக்காரர், அதாவது வீட்டை வாங்கியவர், அதிலும் கையொப்பமிட்டு, இன்றைய பாக்கி இவ்வளவு, இனி உங்களிடமே கட்டுகிறேன் என்று எழுதவேண்டும். ஏற்கெனவே பாதியைக் கட்டிவிட்டேன் என்று பின்னால் அவர் ஒரு ரசீதை நீட்டினால் அந்தக் கணக்கு உங்களையும் கட்டும் என்பதால்தான் இதை வற்புறுத்துகிறேன். அடமானத்தின் மேல் வழக்குப் போட, பணம் தரவேண்டிய நாளிலிருந்து 12 ஆண்டுகள் கிடைக்கும்.

அதற்கு முன் வில்லங்கச் சான்று போடுங்கள். அதோடு நின்றுவிடாதீர்கள். பதிவு செய்யாமல் பத்திரத்தை வைத்து வாங்கிய கடன் வில்லங்கத்தில் வராது. கிரயப் பத்திரத்தின் அசலையும் தாய்ப் பத்திரத்தையும் மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள். "வீட்டில்தான் எங்கேயோ இருக்கிறது" என்றால், வேறு யாரிடமோ ஈடாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வதே என் பழக்கம். அசல் பத்திரம் அவரிடமே இருந்தால் அதை நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு எனக்கு வருமா என்றீர்கள். வராது. இந்த அடமானத்தில் உங்களுக்கு உள்ளது, நீதிமன்றம் மூலம் வீட்டை விற்று, உங்கள் பாக்கியை எடுத்துக்கொள்ளும் உரிமை மட்டுமே. "தவறினால் வீடு எனக்கே" என்று பத்திரத்தில் எழுதினாலும் கடனை அடைத்து மீட்கும் உரிமையை அது பறிக்காது. முதல் தீர்ப்பாணை, இறுதித் தீர்ப்பாணை, ஏலம் என்று பல ஆண்டுகள் போகும். இந்தக் காத்திருப்பையும் சேர்த்துத்தான் 12 லட்சம் சரியா என்று கணக்குப் போடவேண்டும். வீட்டுக்காரர் எங்கே வேலை பார்க்கிறார், சம்பளம் எவ்வளவு என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

நடைப்பயிற்சி நண்பர்களின் பணத்தைத் தொடாதீர்கள். ஒரு முறை ஒரு கடனை வாங்குவது வேறு, நாலு பேர் பணத்தைத் திரட்டி இவ்வளவு வருமானம் தருகிறேன் என்பது வேறு. 2019-ஆம் ஆண்டின் முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டம் அங்கே வந்துவிடும். சிறைத் தண்டனை உள்ள சட்டம் அது. தொடர்ந்து வட்டிக்குக் கொடுக்கத் தொடங்கினால் 1957-ஆம் ஆண்டுக் கடன் கொடுப்போர் சட்டத்தின்படி உரிமமும் வேண்டும். அவர்களுக்கு ஆசையிருந்தால் அவரவர் பெயரில், அவரவர் பத்திரத்தில், அவரவர் வழக்கறிஞரிடம் கேட்டுச் செய்யட்டும்.

12 லட்சமும் வங்கி வழியாகவே போகவேண்டும். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வருமான வரித்துறை பணத்தைப் பெற்றுக்கொண்டவருக்கு அதே அளவு அபராதம் போடலாம்; நோயில் இருக்கும் நண்பருக்கு அது வேண்டாம். பணத்தை இரண்டு பத்திரங்களும் பதிவாகும் நாளில் கொடுங்கள், முன்னால் வேண்டாம். நீங்கள் கொடுத்த முன்பணத்துக்கு ரசீது இருப்பதாகக் கடிதத்தில் இல்லை. இந்த வாரமே நண்பரைப் பார்த்து, 50,000 ரூபாய் எதற்காகப் பெற்றார், ஏற்பாடு நடக்காவிட்டால் எந்தத் தேதிக்குள் திருப்பித் தருவார் என்று எழுதி வாங்குங்கள். போகும்போது வீட்டுக்காரரையும் பார்த்து, இதுவரை கட்டிய வட்டியைப் புரோநோட்டின் பின்னால் அவர் கைப்பட எழுதிக் கையொப்பமிடச் சொல்லுங்கள். மறுத்தால் மேற்கொண்டு ஒரு ரூபாயும் கொடுக்காமல் எனக்கு மறுபடி எழுதுங்கள்.