நாலாயிரம் ரூபா சீவி உங்களுக்கு வேண்டாம்

கேள்வி: மலையகத்தில் பொகவந்தலாவைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் குடியிருக்கிறோம். வணிக நிர்வாகப் பட்டப்படிப்பில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஹட்டனிலோ கண்டியிலோ ஒரு வங்கியில் பயிற்சிக்கு விண்ணப்பிக்க வேண்டும். வேலை அனுபவம் இல்லை. தோட்டத்து மரண உதவிச் சங்கத்துக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பேன், அவ்வளவுதான். டவுனில் ஒரு கடையில் ‘நல்ல சீவி’ (சுயவிபரக் கோவை) அடித்துத் தர 4,000 ரூபா கேட்கிறார்கள். கொடுக்கலாமா? தோட்ட முகவரியைப் போட்டால் ஒதுக்கிவிடுவார்கள் என்று தோழிகள் சொல்வது உண்மையா?

பதில்: கொடுக்காதீர்கள் தங்கச்சி. அந்தக் கடைச் சீவிகளை நான் வருடக்கணக்காகப் பார்க்கிறேன். நீலக் கரை, மேலே பெரிய படம், அதற்குக் கீழே “சவால்மிக்க சூழலில் என் திறமைகளை வளர்த்து நிறுவனத்தின் முன்னேற்றத்துக்கு உழைப்பதே என் இலக்கு” என்று ஒரு பந்தி. ஒரே விண்ணப்பக் கட்டுக்குள் நாலைந்து பேர் அதே பந்தியோடு வருவார்கள். ஒரு பையனின் சீவியில் கையொப்பத்துக்குப் பக்கத்தில் வேறொரு பெண்ணின் பெயர் அப்படியே கிடந்தது. கடைக்காரர் மேல்பக்கத்தை மட்டும் மாற்றியிருக்கிறார். பழி விழுந்தது பையன் மேல். அதோடு, பல கடைகளில் அச்சடித்த தாளைத்தான் தருவார்கள், கோப்பைத் தரமாட்டார்கள். தொலைபேசி இலக்கம் மாறினால் மறுபடி காசு. உங்கள் கைத்தொலைபேசியில் கூகுள் டொக்ஸ் இருந்தால் போதும். ஒரு பக்கம் எழுதி பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள்.

அனுபவம் இல்லை என்கிறீர்கள். வங்கி தேடும் அனுபவத்தை “அவ்வளவுதான்” என்று தள்ளிவிட்டீர்கள். ஊரார் காசுக்குக் கணக்கு வைத்திருக்கிறீர்கள். அதை இப்படி எழுதுங்கள், ஆங்கிலத்தில்:

“தோட்ட மரண உதவிச் சங்கம், கணக்குப் பதிவு, 2023 முதல். 140 குடும்பங்களின் மாதச் சந்தாவுக்குப் பற்றுச்சீட்டு எழுதி, காசேட்டை மாத முடிவில் வங்கிப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, ஆண்டுக் கூட்டத்துக்கு வரவு செலவுக் கணக்குத் தயாரித்தேன்.”

ஆண்டும் எண்ணிக்கையும் உங்களுடையதாக இருக்கட்டும். பொருளாளர் வேறொருவர் என்றால் அந்தப் பதவியை எடுத்துக்கொள்ளாதீர்கள். நேர்முகத்தில் முதல் கேள்வி இந்த வரியிலிருந்துதான் வரும்: “புத்தகமும் காசேடும் ஒத்துப்போகாத மாதம் என்ன செய்தீர்கள்?” உண்மையில் செய்தவருக்கு அதற்குப் பதில் இருக்கும்.

பட்டப்படிப்பும் இதுவரை எடுத்த புள்ளிச் சராசரியும் இதற்கு மேலே வரட்டும். உயர்தரப் பெறுபேறு, சாதாரண தரத்தில் கணிதமும் ஆங்கிலமும் கீழே. ஏ.ஏ.டி. என்ற கணக்கியல் தொழிற்பரீட்சைக்குப் படித்தால் எந்தக் கட்டம் தேறினீர்கள் என்று போடுங்கள். “படித்துக்கொண்டிருக்கிறேன்” என்பது ஒன்றும் சொல்லாது. மதம், அப்பாவின் தொழில், உயரம் எதுவும் வேண்டாம்.

முகவரியை மறைக்காதீர்கள். கொழும்பில் சித்தப்பா வீட்டு முகவரியைப் போட்டுவிட்டு, “தினமும் எப்படி வருவீர்கள்?” என்று கேட்டதும் திணறிய பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். ஹட்டன் கிளைக்கு ஆள் எடுப்பவருக்குப் பக்கத்தில் இருப்பவர்தான் வசதி. ஒதுக்குகிறவர்கள் இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பொய் முகவரி அவர்களைத் திருத்தாது, உங்களைத்தான் மாட்டிவிடும். உண்மையான சிக்கல் கடிதம். தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் எத்தனையோ லயங்களுக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, இன்னும் வீட்டு இலக்கம் கிடையாது. கடிதம் தோட்டத்து ஆபீசுக்குப் போய், மேசையில் கிடந்து, நேர்முகத் திகதி கடந்த பிறகு கைக்கு வருகிறது. இதைச் சரிசெய்ய வேண்டியவர்கள் தேர்தலுக்குத் தேர்தல் பேசிவிட்டுப் போகிறார்கள். அதனால் முகவரிக்கு மேலே மின்னஞ்சலும், தோட்டத்தில் சிக்னல் கிடைக்கும் இரண்டு தொலைபேசி இலக்கங்களும் இருக்கட்டும்.

நான் சொன்னதெல்லாம் தனியார் துறைக்கு. அரச வேலை அப்படியல்ல. வெள்ளிக்கிழமை வரும் வர்த்தமானியில், அதாவது அரச அறிவித்தல் இதழில், விளம்பரத்தோடு மாதிரி விண்ணப்பப் படிவம் இருந்தால் அங்கே சீவிக்கு வேலையே இல்லை. அந்தப் படிவத்தை அதே வரிசையில், அதே இலக்கங்களோடு நிரப்ப வேண்டும். பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம் என்று கேட்டதை எல்லாம் கொடுங்கள், கேட்காததைச் சேர்க்காதீர்கள். உறையின் இடது மேல் மூலையில் பதவியின் பெயர், பதிவுத் தபால் என்று கேட்டிருந்தால் பதிவுத் தபால். முடிவுத் திகதி என்பது விண்ணப்பம் அங்கே போய்ச் சேர வேண்டிய நாள். கடைசி நாளில் பொகவந்தலாவையில் தபாலில் போட்டுப் பயனில்லை. தகுதி இருந்தும் உறையில் பதவி எழுதாததால் தள்ளப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது, ஆனால் விதி அதுதான்.

அப்புறம், சீவியை இணையத்தில் ஏற்றியதும் “மேனேஜ்மென்ட் ட்ரெய்னி, உடனடி நேர்முகம்” என்று அழைப்பு வரும். போனால் ஒரு மண்டபத்தில் ஐம்பது பேர். பொருள் வாங்க ஒரு தொகை கட்டி, கீழே இன்னும் ஆட்களைச் சேர்க்கச் சொல்வார்கள். அது பிரமிட் திட்டம். இலங்கையின் வங்கித் தொழில் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. அப்படிப்பட்ட நிறுவனங்களின் பெயர்களை மத்திய வங்கி வெளியிட்டிருக்கிறது, போவதற்கு முன் பாருங்கள். வணிகம் படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகளையும் இவர்கள் குறிவைக்கிறார்கள். அம்மாவின் நகை அடகுக்குப் போவது இப்படித்தான். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று எந்தப் பெயரில் காசு கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். அடையாள அட்டைப் பிரதியையும் அங்கே விட்டுவிட்டு வராதீர்கள்.

சான்றுரைப்பவர்களாக உறவில்லாத இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உங்கள் விரிவுரையாளர், மற்றவர் சங்கத் தலைவர். பெயரைப் போடுவதற்கு முன் இருவரிடமும் சொல்லிவிடுங்கள்.