150 வாட் பெரியதா, 80 வாட் பெரியதா? ஹோம் தியேட்டர் ரிசீவர் (டிவி, பிளேயர் ஒலியை வாங்கி ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி) வாங்குபவர்களின் கேள்விகளுக்குப் பதில்

மன்னார்குடியிலிருந்து: அண்ணா, ஒரு ரிசீவரில் சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கருக்கு, 80 வாட் என்று இருக்கிறது. அதைவிட விலை குறைந்த இன்னொன்றில் 150 வாட். எதை எடுப்பது?

தம்பி, எண்ணுக்குக் கீழே இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். 80 என்று போட்டவர் கடினமான சோதனையில், 8 ஓம் ஸ்பீக்கர், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனல் ஓடும்போது, ஒலிச் சிதைவு 0.08 சதவீதம் என்று அளந்திருப்பார். 150 போட்டவர் எண் பெரிதாக வரும் எளிய சோதனையில், 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், ஒரே ஒரு சேனல், சிதைவு 10 சதவீதம் என்று அளந்திருப்பார். பத்து சதவீதச் சிதைவில் பாட்டுக் கேட்பதற்கு, கோயில் திருவிழாவில் கட்டும் குழாய் ஸ்பீக்கரே போதும்.

அப்புறம், ஏழு சேனல் ரிசீவர் என்றால் ஏழுக்கும் மின்சாரம் தருவது ஒரே டிரான்ஸ்ஃபார்மர். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று எல்லா மதகையும் ஒன்றாகத் திறந்தால் ஆளுக்குக் கொஞ்சம்தானே தண்ணீர் வரும்? இங்கேயும் அப்படித்தான். ஏழும் சேர்ந்து முழங்கும்போது அட்டையில் போட்ட வாட் பெரும்பாலும் எந்தச் சேனலுக்கும் கிடைக்காது. கடையில் இரண்டையும் தூக்கிப் பாருங்கள். பெரும்பாலும் கனமானதில்தான் நல்ல டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும்.

கும்பகோணத்திலிருந்து: முற்றம் வைத்த பழைய வீடு சார். கூடம் 12க்கு 15 அடி. 80 வாட் போதுமா? 100 வாட் எடுக்கட்டுமா?

தாராளமாகப் போதும். 80க்கும் 100க்கும் ஒரு டெசிபல்தான் வித்தியாசம், காதுக்கே தெரியாது. வாட்டை இரட்டித்தால்கூட 3 டெசிபல்தான் ஏறும். உணர்திறன் (அதே வாட்டுக்கு ஸ்பீக்கர் தரும் சத்தம்) 88 டெசிபல் உள்ள ஸ்பீக்கருக்குப் பதில் 91 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினால் அதே 3 டெசிபல் கிடைத்துவிடும். மிச்சப் பணத்தை சப்வூஃபரில் (பேஸுக்கான தனி ஸ்பீக்கர்) போடுங்கள், உங்கள் வீட்டில் பேஸ் பாதி முற்றத்து வழியாக ஓடிவிடும். ரிசீவர் மெனுவில் ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' என்று வைத்து, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை சப்வூஃபருக்குப் பிரித்துவிட்டால் ரிசீவருக்கும் சுமை குறையும். வெறும் சிமெண்ட் தரை என்றால் ஒரு ஜமுக்காளம் விரித்துவிட்டு, அதற்குப் பிறகு மைக் வைத்து, அறைக்கு ஏற்ப ஒலியைச் சரிசெய்யும் ஆடிஸியோ ஒய்பாவோ, ரிசீவரில் எது இருக்கிறதோ அதை ஓட்டுங்கள்.

திருவாரூரிலிருந்து: இ-ஆர்க் கட்டாயமா?

ஆர்க் என்பது டிவியின் ஒலியை ஹெச்டிஎம்ஐ ஒயர் வழியாகவே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வசதி; இ-ஆர்க் அதன் மேம்பட்ட வடிவம். டிவி ஆப்பில் வரும் அட்மாஸுக்கு (தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் டால்பி முறை) சாதாரண ஆர்க் பெரும்பாலும் போதும். ப்ளூ-ரே பிளேயரை டிவியில் செருகி, அங்கிருந்து ட்ரூஹெச்டியை (தரம் குறையாத டால்பி ஒலி) ரிசீவருக்கு அனுப்பினால்தான் இ-ஆர்க் வேண்டும். பிளேயரை நேராக ரிசீவரிலேயே செருகிவிட்டால் அந்தக் கவலையும் இல்லை.

பட்டுக்கோட்டையிலிருந்து: வால்யூம் ஏற்றினால் ரிசீவர் தானாக அணைந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபையர் போய்விட்டதா அண்ணா?

அவசரப்படாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஸ்பீக்கர் ஒயரின் ஒற்றைச் செம்பு இழை சிவப்பிலிருந்து கறுப்பைத் தொடுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். என் வீட்டிலேயே அப்படி ஒரு இழைக்காக இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அது இல்லையென்றால் ரிசீவரிடமிருந்து அதிக மின்னோட்டம் இழுக்கும் 4 ஓம் ஸ்பீக்கரா, ஷோகேஸுக்குள் காற்றில்லாமல் அடைத்து வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பம்புசெட் ஓடும் நேரத்தில் மட்டும் அணைந்தால் லோ வோல்டேஜாக இருக்கலாம், ஸ்டெபிலைசர் போடுங்கள். இத்தனைக்கும் பிறகும் அணைந்தால்தான் சர்வீஸுக்குத் தூக்க வேண்டும்.