ஆயிரம் ரூபாய்க்காக யார் பேசுவது?

மதிப்பிற்குரிய எழுத்தாளர் அவர்களுக்கு,

ஸ்பின்னிங் மில்லில் ரிங் பிரேம் என்ற நூல் நூற்கும் மெஷினை ஓட்டியவன் நான். மில்லை மூடிவிட்டார்கள். பி.எஃப். பென்ஷன் மாதம் 1,000 ரூபாய். ஆட்சி மாறினால் கூட்டித் தருவார்கள் என்று இரண்டு அணிகளுக்கும் மாறி மாறி ஓட்டுப் போட்டுப் பார்த்துவிட்டேன். உயிர்வாழ் சான்று கொடுக்கப் போனால், நூல் முடிந்தே தேய்ந்த என் கட்டைவிரலை மெஷின் ஏற்பதில்லை. டெல்லி அரசியல் என்றாலே எரிச்சல் வருகிறது. இனி எதற்கு ஓட்டுப் போட வேண்டும்?

வாசகர், பல்லடம்

அன்புள்ள ஐயா,

கைரேகை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். செல்போனில் முகத்தைக் காட்டியே உயிர்வாழ் சான்று பதிய இப்போது வழி இருக்கிறது. வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

மற்றது அவ்வளவு சுலபமில்லை. உங்கள் எரிச்சல் நியாயமானது. ஆனால் மொத்தமாக டெல்லியைத் திட்டினால் அங்கே ஒருவருக்கும் உறைக்காது. அந்த 1,000 ரூபாயையே எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்ச பென்ஷன் என்று 2014 செப்டம்பரில் வந்த தொகை அது. 2025-லும் அதேதான். அரசு ஊழியர் பென்ஷனுக்கு ஆண்டுக்கு இருமுறை விலைவாசியைக் கணக்குப் பார்க்கிறார்கள். உங்கள் திட்டத்தில் அகவிலைப்படியே கிடையாது. மில் தொழிலாளி வாங்கும் அரிசிக்கு மட்டும் விலை ஏறுவதில்லை போலிருக்கிறது. முதியோர் உதவித்தொகையின் கதை இன்னும் மோசம். 79 வயது வரை மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். 2007-லும் அதே 200. தமிழ்நாட்டில் 1,200 கிடைக்கிறதென்றால், மிச்சத்தை மாநிலம் போடுகிறது. ஒரு அணி வைத்த தொகையை அடுத்த அணி கட்டிக்காக்கிறது. வேறெதில் இவர்களுக்குள் இந்த ஒற்றுமை!

டெல்லிக்குக் காது கேட்காது என்றும் சொல்ல முடியாது. 2025 ஆகஸ்ட் 6 அன்று இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமாக்குவதாக அமெரிக்கா அறிவித்தது. திருப்பூர் பதறியது. ஆகஸ்ட் 19-லேயே பருத்தி மீதான 11 சதவீத இறக்குமதி வரி தற்காலிகமாக நீக்கப்பட்டது. இதை நான் குறை சொல்லவில்லை. ஆர்டர் போனால் தொழிலாளிக்கும் வேலை போகும். (பருத்தி விவசாயியைக் கேட்டால் வேறு கதை சொல்வார்.) ஆனால் இரண்டே வாரத்தில் கோப்பு நகர்ந்ததைக் கவனியுங்கள்.

நம் பக்கத்து விவசாயிகள் மின்கட்டணத்துக்காகச் சென்னை அரசோடு மோதியதும் உங்களுக்கு நினைவிருக்கும். 1970 ஜூனில் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். 1972-இல் விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து கோவையையே நிறுத்தினார்கள். எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் கிடைக்க 1990 ஆனது. நடுவில் முதல்வர்கள் மாறினார்கள், கோரிக்கை மாறவில்லை. அவர்களிடம் நிலம் இருந்தது, வண்டி இருந்தது, ஊர்க் கட்டுப்பாடும் இருந்தது. உங்களிடம் இருந்தது சங்கம். மில் மூடியதும் அதுவும் கலைந்தது.

இதோடு, 'கையூன்றிக் கரணம் போட்டு முன்னேறியவர்கள் நாங்கள்' என்ற கொங்குப் பெருமை வேறு. அரசிடம் கேட்பதே கௌரவக் குறைச்சல் என்று நம் ஆட்களில் பலர் நினைக்கிறார்கள். பென்ஷன் தர்மக் காசு அல்ல. உங்கள் உழைப்பைக் கணக்குப் பார்த்து, சம்பளத்தில் 8.33 சதவீதத்தை முதலாளி உங்கள் பேரில் கட்டிய பணம்.

ஓட்டுப் போடுங்கள். அதற்கு முன், வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் ராமரையும் வேண்டாம், பெரியாரையும் வேண்டாம், இந்த 1,000 எப்போது எவ்வளவு ஆகும் என்று மட்டும் கேளுங்கள். பென்ஷன்தாரர்கள் பந்தல் போட்டு உட்காரும் போராட்டங்களில் கரை வேட்டிகளை நான் அதிகம் பார்த்ததில்லை. உங்களோடு மில்லில் இருந்தவர்களில் எத்தனை பேர் அங்கே போகிறார்கள்? எழுதுங்கள்.