ஃபெலோவிடம் எப்போது போவது? மலாயாப் பல்கலைக்கழக விடுதிக் கேள்விகள்

கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்த ஆண்டு கால் வைக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டவை இவை. அங்கே ஒரு தங்கும் கல்லூரியில் (மாணவர் விடுதிக்கு அங்கே அதுதான் பெயர்) பல ஆண்டுகள் ஃபெலோவாக, அதாவது மாணவர்களைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பாளராக இருந்த விரிவுரையாளர் பதில் சொல்கிறார்.

கேள்வி: சார், மகளுக்கு அறை கிடைத்துவிட்டது. வார்டன் நம்பர் கிடைக்குமா? (ஒரு தாயார், கிள்ளான்)

பள்ளி ஹாஸ்டலில் இருப்பதுபோல எல்லாவற்றுக்கும் ஒரே வார்டன் இங்கே கிடையாது அம்மா. கல்லூரித் தலைவரைப் ‘பெங்கெத்துவா’ என்பார்கள். அவருக்குத் துணை ஃபெலோக்கள்; பாடம் நடத்துகிறவர்கள்தான், பலர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருப்பார்கள். சாவி, கட்டணம் எல்லாம் அலுவலக ஊழியர் வேலை. ஜே.தி.கே. என்பது மாணவர்களின் செயற்குழு. நிகழ்ச்சிகள் அவர்கள் பொறுப்பு. எதுவானாலும் மகளே பேசட்டும். நீங்கள் போன் செய்தால் ஃபெலோ மரியாதையாகக் கேட்டுக்கொள்வார், அப்புறம் அவளைத்தான் கூப்பிடுவார்.

கேள்வி: ஃபேன் சுற்றவில்லை. ஃபெலோவிடம் சொல்லி ஒரு வாரம் ஆகிறது.

ஃபெலோ வயர்மேன் இல்லை தம்பி. அலுவலகத்தில் புகார் எழுதிப் பதிவு செய். அதற்கும் யாரும் அசையாவிட்டால் அந்தப் பதிவோடு ஃபெலோவிடம் போ.

கேள்வி: ரூம்மேட் மலாய்க்காரத் தோழி. நோன்பு மாதம் வருகிறது. நான் தினமும் விளக்கேற்றிச் சாமி கும்பிடுவேன். சண்டை வந்துவிடுமோ? (மாணவி, தெலுக் இந்தான்)

என்னிடம் வந்த பஞ்சாயத்துகளில் மதத்தால் வந்தவை குறைவு தங்கச்சி, அலாரத்தால் வந்தவைதான் அதிகம். சாவூருக்கு, அதாவது நோன்புக்கு முந்தைய சாப்பாட்டுக்கு, அவள் விடியுமுன் எழுவாள். நீ அசைன்மென்ட் முடித்து அப்போதுதான் கண் அசந்திருப்பாய். முதல் வாரத்திலேயே பேசிவிடு: அலாரம் தலையணைக்கு அடியில், மேசை விளக்கு மட்டும். பகலில் நீ சாப்பிடுவதில் தப்பே இல்லை. ஆனால் கறிப் பொட்டலத்தை அவள் கட்டிலுக்கு எதிரே பிரிக்காதே. பன்றி இறைச்சியை அறைக்குள் கொண்டுவராதே. மாட்டிறைச்சி உனக்கு ஆகாதென்றால் அதையும் சொல்லிவிடு, சொல்லாமல் அவளுக்கு எப்படித் தெரியும்?

எண்ணெய் விளக்கும் ஊதுபத்தியும் வேண்டாம். மெத்தையும் திரைச்சீலையும் ஒரு முழத்தில் இருக்கிற அறை அது. பேட்டரி விளக்கு வை, பிள்ளையார் கோபிக்கமாட்டார்.

பேசியும் சரிவரவில்லையா, ஃபெலோவிடம் வா. இருவரும் முகம் கொடுத்துப் பேசும்போதே வா. வாட்ஸ்அப் குழுவில் அவள் அழுக்குத் துணியைப் படம் பிடித்துப் போட்ட பிறகு வந்தால், அறை மாற்றுவதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்காது.

கேள்வி: ரைஸ் குக்கரை ஒளித்துவைத்துச் சமைக்கலாமா?

வேண்டாம். சாம்பார் வாசம் காட்டிக்கொடுத்துவிடும். நம் சாப்பாட்டுக் கடைகள் இருக்கிற பிரிக்பீல்ட்ஸ் பக்கத்தில்தானே இருக்கிறது!

கேள்வி: இரண்டாம் ஆண்டும் அறை கிடைக்குமா?

மெரிட் புள்ளியைப் பொறுத்தது. நிகழ்ச்சி, விளையாட்டு என்று கல்லூரி வேலையில் தலைகாட்டினால் சேரும். நம் பிள்ளைகள் தீபாவளி இரவுக்கு மட்டும் ஓடிவருவார்கள், போதாது. எல்லாரும் சேர்ந்து துப்புரவு செய்யும் கோத்தோங் ரோயோங்குக்கும் துடைப்பத்தோடு வரவேண்டும்.

கேள்வி: நடுராத்திரியில் உடம்பு முடியாமல் போனால்?

முதலில் ரூம்மேட்டை எழுப்பு. அப்புறம் ஃபெலோவைக் கூப்பிடு, தூக்கம் கெடுமே என்று தயங்காதே. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது, அவசரப் பிரிவு இரவிலும் உண்டு. மூச்சுத்திணறல், மயக்கம் என்றால் நேரே 999. ஐசியையும் (அடையாள அட்டை) மாணவர் அட்டையையும் மறக்காமல் எடுத்துக்கொள்.