‘உலகச் சூழல்’ என்ற பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். எனக்கு ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அப்பா பாமாயில் தரும் செம்பனையின் குலைகளை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். பழைய லாரிதான், ஆனால் சொந்த லாரி. 2025 அக்டோபரில் கோலாலம்பூரில் நடந்த 47-வது ஆசியான் உச்சநிலை மாநாட்டைத் தொலைக்காட்சியில் இருவரும் சேர்ந்து பார்த்தோம். வந்த தலைவர்கள் எல்லாரும் ‘உலகளாவிய சவால்கள்’ என்றே பேசினார்கள். அடுத்த மாதம் எங்கள் ஊர் மண்டபத்தில் ஒரு விளக்கக் கூட்டம் நடந்தது. மானிய விலையில் டீசல் நிரப்பும் அட்டை கைக்கு வரப் பல மாதங்கள் ஆனதைப் பற்றியும், சாமான் விலையைப் பற்றியும் அப்பா எழுந்து கேட்டார். மேடையில் இருந்த அதிகாரி, “இதெல்லாம் உலகச் சூழல், ஐயா. நம் கையில் என்ன இருக்கிறது?” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார். அப்பா பேசாமல் உட்கார்ந்துவிட்டார்.

எங்கோ நடக்கும் போருக்கும் வரிக்கும் நம்முடையது போன்ற சிறிய நாட்டின் அரசாங்கம் உண்மையிலேயே ஒன்றும் செய்ய முடியாதா, அல்லது இது தப்பித்துக்கொள்ளும் பேச்சா? நீங்கள் தோட்டத்து வாழ்க்கையைப் பற்றி நிறைய எழுதுகிறீர்கள். இதைப் பற்றி ஏன் எழுதுவதில்லை? பெரியப்பாவுக்கு மூன்று ஏக்கர் செம்பனை இருக்கிறது. ஐரோப்பாவில் ஏதோ புதுச் சட்டம் வருகிறதாம், அதற்குப் பிறகு குலையை வாங்கமாட்டார்கள் என்று யாரோ சொன்னதில் அவரும் கலங்கிப்போயிருக்கிறார். என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

அந்த அதிகாரி பொய் சொல்லவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உண்மையைப் பாதி வழி வரை சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். மீதிப் பாதியைக் கேட்கும் உரிமை உங்கள் அப்பாவுக்கு இருந்தது. கேட்பதற்கான சொற்கள் அந்த நேரத்தில் அவருக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

நம் ஊர் உலகச் சூழலிலேயே பிறந்த ஊர். பக்கத்தில் கோலகங்சாருக்குப் போனால் மாவட்ட அலுவலகத்தின் அருகே, வேலி போட்டுக் காக்கப்படும் ஒரு பழைய பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, பார்க்கலாம். பிரேசிலிலிருந்து எடுத்து லண்டனின் கியூ தோட்டத்தில் முளைக்க வைத்து, சிங்கப்பூர் வழியாகக் கொண்டுவந்து 1877-இல் அங்கே நட்ட கன்றுகளில் மிஞ்சியது அது. மரம் பிரேசிலுடையது, முதலீடு லண்டனுடையது, பாலை வாங்கியது அமெரிக்காவின் டயர் தொழிற்சாலை, வெட்டியது தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் ஆட்கள். இப்படி அமைந்த ஊரில் பெரட்டுக்கு, அதாவது விடியற்காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போன எந்தத் தொழிலாளியும் தன் கூலி எங்கோ தீர்மானிக்கப்படுவதை அறியாமல் இருந்ததில்லை. ‘சவால்’ என்ற சொல் மட்டும்தான் நமக்குப் புதிது.

1930-களின் பெருமந்தத்தில் ரப்பர் விலை சரிந்தபோது, சரிவை மலாயா அரசாங்கம் தடுத்திருக்க முடியாது. ஆனால் அடுத்து நடந்த ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் மேசையில் கையெழுத்தான முடிவு. நாளொன்றுக்கு 50 காசு என்று பல இடங்களில் நிர்ணயிக்கப்பட்டிருந்த ஆண் கூலி 1930-இல் 40 காசாக வெட்டப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். என் பாட்டியின் அக்காள் குடும்பம் அப்படித்தான் பினாங்கில் கப்பலேறியது. அதற்குப் பிறகு இரண்டு சகோதரிகளும் சந்திக்கவே இல்லை. 1934-இல் ரப்பர் உற்பத்தியைக் கட்டுப்படுத்தச் சர்வதேச ஒப்பந்தம் ஒன்று வந்தது. பங்கீடு வந்தபோது பெரிய தோட்டங்களுக்குத் தாராளமாகவும் சிறுதோட்டக்காரர்களுக்குக் குறைவாகவும் அளந்தார்கள். விலை சரிந்தது உலகத்தால், பாட்டியின் அக்காள் கப்பலேறியது கொள்கையால். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் எந்த அரசாங்கத்தையும் நாம் கேள்வி கேட்க முடியாது.

சுதந்திரத்தை ஒட்டி இன்னோர் அலை வந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். வேலையும் போனது, லயத்து வீடும் போனது. அப்போது நம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர் துன் வீ. தி. சம்பந்தன். அவர் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி (அன்றைய மலாயா டாலர்) கட்டினால் நூறு வெள்ளிப் பங்கு உங்களுக்கு என்று தொழிலாளர்களிடம் பேசினார். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியதில் தொடங்கி, சங்கம் வரிசையாகப் பல தோட்டங்களை வாங்கியது. இதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம், சொல்ல வேண்டியதுதான். எனக்கு இதில் நீண்ட நாளாக ஓர் உறுத்தலும் உண்டு. அவர் அன்று அமைச்சர். நிலமில்லாதவர்களைக் குடியேற்றுவதற்காக 1956-இல் தொடங்கப்பட்ட பெல்டாவுக்கு அரசாங்கப் பணம் போய்க்கொண்டிருந்தது. அந்தத் திட்டங்களில் இடம் பெற்ற தோட்டத் தமிழர்கள் மிகச் சிலரே. அமைச்சரவையில் அமர்ந்திருந்த ஒருவர், கருவூலத்தைத் தன் மக்களுக்குத் திறக்க வழியில்லாமல், பால்வெட்டுத் தொழிலாளியின் பத்து வெள்ளியைத் திரட்டினார் என்பதையும் சேர்த்தே அந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

இப்போது நீங்களும் நானும் கண்ணால் பார்த்த ஒன்றுக்கு வருகிறேன். 2022-ஆம் ஆண்டு நினைவிருக்கிறதா? உக்ரேன் போரால் சூரியகாந்தி எண்ணெய் வரத்து பெருமளவு தடைபட்டது. ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை ஏறக்குறைய ஒரு மாதம் நிறுத்தி வைத்தது. அதற்கு முன்பே, மார்ச் மாதத்தில், கச்சாச் செம்பனை எண்ணெய் டன்னுக்கு 7,000 ரிங்கிட்டைத் தாண்டியிருந்தது. அந்த நாள்களில் ஒரு காலையில், இரண்டரை ரிங்கிட்டுக்கு விற்கும் ஒரு கிலோ பாக்கெட் எண்ணெய்க்காக நான் மளிகைக் கடை வாசலில் வரிசையில் நின்றேன். ‘ஒருவருக்கு இரண்டு பாக்கெட்’ என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் நின்ற அம்மா, முப்பது ஆண்டு தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கியவர். எங்களைக் கடந்து ஆலையை நோக்கிக் குலை லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. என் முறை வருவதற்குள் பாக்கெட் தீர்ந்துவிட்டது. கடைக்காரர் போத்தல் எண்ணெயைக் காட்டினார். அந்த அம்மா தன் இரண்டு பாக்கெட்டில் ஒன்றை எடுத்து என் பையில் போட்டார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

மலேசியாவும் இந்தோனேசியாவும் சேர்ந்து உலகின் பாமாயிலில் எண்பது விழுக்காட்டுக்கும் மேல் கொடுக்கின்றன. உலகச் சூழல் அன்று நம் நாட்டுக்குப் பணத்தைக் கொண்டுவந்தது, தம்பி, எடுத்துக்கொண்டு போகவில்லை. தோட்ட நிறுவனங்கள் லாபம் பார்த்தன, அரசாங்கத்துக்குத் திடீர் லாப வரி கிடைத்தது, ஆனாலும் எண்ணெய் விளையும் ஊரில் எண்ணெய்க்கு வரிசை. மலிவு பாக்கெட், வீட்டு அடுப்புக்குப் போகாமல் உணவகங்களுக்கும் எல்லை தாண்டியும் கசிந்துகொண்டிருந்தது ஒரு காரணம். போத்தலுக்கு இருந்த உதவித்தொகை அந்த ஜூலையில் நிறுத்தப்பட்டது. மறுபக்கம், அதே ஆண்டு மே 1-ஆம் தேதி குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ரிங்கிட்டாக உயர்ந்தது. இன்று அது 1,700. மாதச் சம்பளம் கேட்டுத் தலைமுறை தலைமுறையாகப் போராடிய தோட்டத் தொழிலாளர்களுக்கு, 2013-இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் நடைமுறைக்கு வந்தது சிறிய செய்தியன்று. அதைச் செய்ததும் அரசாங்கம்தான், வரிசையில் நிற்க வைத்ததும் அரசாங்கம்தான்.

உங்கள் அப்பாவின் டீசல் விஷயத்தில் என் கருத்து அவருக்குப் பிடிக்காமல் போகலாம். 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் 2.15-லிருந்து 3.35 ரிங்கிட்டுக்குப் போனது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். மலிவு டீசல் எல்லைக்கு அப்பால் கடத்தப்பட்டுக்கொண்டிருந்தது, வசதி உள்ளவர்களின் வண்டிக்கும் அதே விலைதான். சரக்கு லாரிகளுக்கு அட்டை மூலம் பழைய விலையே கிடைக்கும் என்றார்கள், அதுவும் நியாயம். கோளாறு அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. நூறு லாரி வைத்திருக்கும் கம்பெனியில் விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்ப ஆள் உண்டு. ஒரே லாரி வைத்து அதைத் தானே ஓட்டும் மனிதருக்கு, லாரியின் பதிவு, உரிமம், வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் எல்லாம் ஒரே பெயரில் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்க வேண்டும் என்பதே மலையேற்றம். பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர் என்று தோட்டத்துக் கிராணி எழுதிய பிழைகளோடு வாழ்கிற தலைமுறை அது. ஒருவருக்கு ஒரு வாரத்தில் கிடைத்த அட்டை இன்னொருவருக்குப் பல மாதம் கழித்துக் கிடைத்தால், அந்த இடைவெளிக்கான டீசல் காசை உலகச் சூழல் கட்டவில்லை. உங்கள் அப்பா கட்டியிருக்கிறார். அந்த மண்டபத்தில் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். இதற்கு பதில் உக்ரேனில் இல்லை, ஏதோ ஓர் அலுவலகத்தின் கோப்பில் இருக்கிறது.

மாநாடுகளை நான் ஏளனம் செய்ய மாட்டேன். அரசாங்கங்கள் கூடிப் பேசினால் பயன் உண்டு என்பதற்கு நம் தொழிலிலேயே சான்று இருந்தது. 1979 ஒப்பந்தத்தின்படி, விலை விழும்போது ரப்பரை வாங்கிச் சேமித்து, ஏறும்போது விற்று நிதானப்படுத்தும் சர்வதேச அமைப்பு ஒன்று கோலாலம்பூரிலேயே இயங்கியது. 1997-98 நெருக்கடியில் ரப்பர் விளைவிக்கும் நாடுகளுக்கும் வாங்கும் நாடுகளுக்கும் ஒத்துவராமல், முதலில் விலகுவதாக அறிவித்தது நம் நாடு. 1999-இல் அது கலைந்தது. அதன் பிறகு ஒட்டுப்பால் விலை விழுந்த ஒவ்வொரு முறையும் தாங்கிப் பிடிக்க அப்படி ஒரு கை இல்லை.

பெரியப்பாவின் கவலைக்கு வருகிறேன், இதுதான் அவசரம். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காட்டை அழித்த நிலத்தில் விளைந்த பாமாயில், ரப்பர் உள்ளிட்ட ஏழு வகைப் பொருள்கள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரக் கூடாது என்பது அந்தச் சட்டம். இரண்டு முறை தள்ளிவைத்துவிட்டார்கள். பெரிய நிறுவனங்களுக்கு இப்போதைய தேதி 2026 டிசம்பர் 30. பெரியப்பாவின் நிலம் பழைய தோட்டம் என்றால் சட்டம் அவரை விரட்டவில்லை. ஆனால் குலை எந்த நிலத்திலிருந்து வந்தது என்பதற்கு ஜி.பி.எஸ். புள்ளி வேண்டும். நான்கு ஹெக்டருக்கு உட்பட்ட நிலத்துக்கு ஒரே ஒரு புள்ளி போதும். ஆலைக்காரர் அதைக் குலை வியாபாரியிடம் கேட்பார், வியாபாரி பெரியப்பாவிடம் கேட்பார். இல்லையென்றால் அவர் குலை விலை குறைந்த குவியலுக்குப் போகும். நம் அரசாங்கமும் இந்தோனேசியாவும் 2023-இல் சேர்ந்தே பிரஸ்ஸல்ஸுக்குப் போய்ச் சிறுதோட்டக்காரர்களுக்காகப் பேசியது நல்லது. அந்தப் பேச்சில் பாதி அக்கறை உள்ளூரில் நிலப் பட்டாவைச் சரிசெய்வதிலும், புள்ளி எடுத்துக் கொடுப்பதிலும் காட்டப்பட வேண்டும்.

வெளியிலிருந்து வரும் நெருக்குதல் எல்லாமே கெடுதல் என்றும் நான் சொல்ல மாட்டேன். 2020-இல் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்பு என்ற காரணத்துக்காக நம் பெரிய தோட்ட நிறுவனங்கள் இரண்டின் பாமாயிலைத் தடுத்து நிறுத்தியது. அதன் பிறகுதான் வெளிநாட்டுத் தொழிலாளர்களின் கடப்பிதழை (பாஸ்போர்ட்டை) பிடித்துவைப்பதும், ஏஜெண்டுக்குக் கட்டிய கடனும், விடுதியின் நிலையும் நிர்வாகக் கூட்டங்களில் பேசும் பொருளாயின. நம் தாத்தா பாட்டிகள் இருந்த லயங்களுக்காக எந்தத் துறைமுகத்திலும் ஒரு டின் எண்ணெய்கூட நிறுத்தப்பட்டதில்லை என்று அப்போது எனக்குக் கசப்பாக இருந்தது. இன்று அந்த லயங்களில் இருக்கும் வங்காளதேசத்துப் பையனைப் பார்க்கும்போது அந்தக் கசப்பு கொஞ்சம் குறைகிறது.

அடுத்த கூட்டம் எப்போது என்று தெரிந்தால் எழுதுங்கள். நானும் வந்து உங்கள் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்காருகிறேன். விண்ணப்பம் கொடுத்த தேதி, அட்டை வந்த தேதி, இடையில் நிரப்பிய டீசல் ரசீதுகள் மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதி அவர் சட்டைப் பையில் வைத்திருக்கட்டும். பெரியப்பாவிடம் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் (எம்.பி.ஓ.பி.) உரிமம் செல்லுபடியாகும் தேதியையும் நிலப் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதையும் கேட்டுச் சொல்லுங்கள். பட்டா இன்னும் உங்கள் தாத்தா பெயரிலேயே இருந்தால், புள்ளி எடுப்பதற்கு முன்பு நிலப் பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

அன்புடன்.