பக்கக் கண்ணாடி விளக்கும் பின்புற எச்சரிக்கையும்: கேள்வி பதில்

கேள்வி: பக்கக் கண்ணாடியில் மஞ்சள் விளக்கு எரிகிறது, இண்டிகேட்டர் போட்டால் சிமிட்டி ஒலியும் எழுப்புகிறது. எதைக் கண்டு எச்சரிக்கிறது?

பதில்: பின்பம்பரின் இரு மூலைகளிலும் பிளாஸ்டிக்கிற்குப் பின்னால் மறைந்திருக்கும் ரேடார்கள், பெரும்பாலும் 24 அல்லது 77 கிகாஹெர்ட்ஸ் அலைகளை அனுப்புகின்றன. எதிரொலி திரும்ப எடுக்கும் நேரத்திலிருந்து தொலைவும், அதன் அதிர்வெண் மாற்றத்திலிருந்து வேகமும் கணிக்கப்படுகின்றன. கண்ணாடியில் தெரியாத பகுதியில் வண்டி இருந்தால் விளக்கு நிலையாக எரியும். நீங்கள் அந்தப் பக்கமே இண்டிகேட்டர் போட்டால்தான் எச்சரிக்கை வலுக்கும். இண்டிகேட்டர் போடாமல் தடம் மாறுபவருக்கு இந்த இரண்டாம் நிலை கிடைக்காது.

கேள்வி: ஓரத்தில் நிற்கும் லாரிகளைக் கடக்கும்போது விளக்கு எரிவதில்லையே, பழுதா?

பதில்: இல்லை. அசையாப் பொருள்களை அது வேண்டுமென்றே கழித்துவிடுகிறது. இல்லையென்றால் தடுப்புச் சுவர் ஒவ்வொன்றுக்கும் ஒலித்து, ஓட்டுநர் அதை அணைத்தே வைத்துவிடுவார்.

கேள்வி: இடப்பக்கம் நுழையும் பைக்குகளை நம்பகமாகக் கண்டுபிடிக்குமா?

பதில்: காரைவிடச் சிறிய உருவம் என்பதால் எதிரொலியும் மெலிது, பைக்குகளைத் தவறவிடக்கூடும் என்று பல தயாரிப்பாளர்கள் கையேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். மேலும் பல கார்களில் குறிப்பிட்ட வேகத்திற்குக் கீழே இந்த வசதி இயங்குவதே இல்லை. பைக்குகள் மொய்க்கும் சிக்னலில்தான் அந்த வேகத்தில் ஊர்கிறோம் என்பது, நம் சாலைகளைப் பொறுத்தவரை, பெரிய குறை.

கேள்வி: ரிவர்ஸ் எடுக்கும்போது திரையில் அம்புக்குறி வருகிறதே, அதுவும் இதே கருவியா?

பதில்: பெரும்பாலான கார்களில் அதே ரேடார்கள்தான். ரிவர்ஸ் கியர் விழுந்ததும் அவற்றின் வேலை மாறி, பின்னால் குறுக்கே வரும் வண்டிகளைத் தேடுகின்றன. சில கார்கள் தாமே பிரேக்கும் போடும். இரு பக்கமும் உயரமான வண்டிகள் நின்றால், உங்கள் காரின் பின்பகுதி வெளியே வரும்வரை ரேடாருக்கு வழியே தெரியாது. சாய்வாக நிறுத்தியிருந்தால் ஒரு பக்கப் பார்வை பக்கத்து வண்டியால் அடைபட்டுவிடும். ஆகவே பம்பர் வெளியே வந்த அளவில் ஒரு முறை நின்று, பிறகே தொடர வேண்டும். இத்தனை குறையிருந்தும் பயன் உண்டு: அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வுகளில், பக்க எச்சரிக்கை தடம் மாறும் விபத்துகளை 14 சதவீதமும், பின்புறக் குறுக்கு எச்சரிக்கை பின்னோக்கிச் செல்லும்போது நேரும் விபத்துகளை 22 சதவீதமும் குறைத்திருந்தன.

கேள்வி: ஹோண்டா சிட்டியின் இடக்கண்ணாடிக் கேமராவும் இதுதானா?

பதில்: அல்ல. அது படத்தைக் காட்டும்; ஆபத்தா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டியவர் நீங்களே. வோல்வோவின் தொடக்கக் காலப் பக்க எச்சரிக்கையும் கேமராவை நம்பியதுதான், ஆனால் அது வண்டியைத் தானே அடையாளம் கண்டு விளக்கை எரித்தது. மழையும் பனிமூட்டமும் கேமராவை மங்கச் செய்யும் அளவுக்கு ரேடாரைப் பாதிப்பதில்லை.

கேள்வி: பின்பம்பரைப் பட்டறையில் சரிசெய்த பிறகு விளக்கு காரணமின்றி எரிகிறது. ஏன்?

பதில்: ரேடாரின் தாங்கி சற்றே வளைந்தாலும் அது பார்க்கும் திசை மாறிவிடும். பள்ளத்தை நிரப்பத் தடிமனாகப் பூசிய பட்டி (putty), பல அடுக்குப் பெயிண்ட், மூலையில் ஒட்டிய ஸ்டிக்கர் ஆகியவையும் அலைகளைக் கெடுக்கும். முதலில் சேற்றைத் துடைத்து, ஸ்டிக்கரை அகற்றிப் பாருங்கள். தீரவில்லை என்றால், ரேடாரின் கோணத்தை அளந்து மறுசீரமைக்கும் கருவியுள்ள பட்டறைக்கே வண்டியைக் கொண்டு செல்லுங்கள்.